பதினைந்து வருஷத்துப் போர்வைகள்

சிங்கராயர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் தெருவே கூடியிருந்த இடத்தில் சொல்லிவிட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மார்கழி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தாளடி வயலில் களை பறித்துவிட்டு, சேறு காயாத காலோடு பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் கொடிக்கம்பத்தைச் சுற்றி நின்றார்கள். சங்கத்து இளையபெருமாள் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னார். குடியிருக்கிற மனை குடியிருக்கிறவர்களுக்கே சொந்தம் என்று சென்னையில் சட்டம் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சட்டம் அங்கே கிளம்பியதோடு சரி, இந்தத் தெருவுக்கு வந்து சேரவில்லை. நாற்பது குடிசையில் ஒன்றுக்கும் பட்டா இல்லை.

“புது வருஷம் பொறந்து நாலாந்தேதி, தாலுக்கா ஆபீஸ் முன்னால மறியல். வீட்டுக்கு ஒரு ஆளு. புடிச்சா ஜெயிலு. பத்து நாளும் ஆகலாம், ஒரு மாசமும் ஆகலாம். தெரிஞ்சுதான் பேரு குடுக்கணும்” என்றார்.

ஒவ்வொரு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். “சிங்கராயர் வீட்டுல?”

சிங்கராயர் மிராசுதாரின் பண்ணையாள். அவர் குடிசையை ஒட்டியிருந்த பண்ணை மாட்டுக்கொட்டகையும் வைக்கோல்போரும் அவர் பொறுப்பு. அவர் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி அமலி எழுந்தாள்.

“எம் பேரை எழுதுங்க தோழர்.”

முடியாது என்று சிங்கராயர் ஒரே வார்த்தையில் சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். அவருக்கு நாலு பேர் சிரிக்கிற மாதிரி பேச வேண்டும்.

“எழுதிக்கங்க தோழரே. ஆனா ஒண்ணு. வீட்டுல மூணு போர்வை தச்சுக்கிட்டு இருக்கா. அத முடிச்சுட்டு வருவா. முடிச்ச அன்னிக்கு நானே மாலை போட்டு லாரில ஏத்தி வுடுறேன்.”

தெருவே சிரித்தது. ஏனென்றால் அமலியின் போர்வைகளைத் தெருவுக்கே தெரியும். மூத்தவள் விண்ணரசி வயிற்றில் இருந்தபோது முதல் போர்வையை ஆரம்பித்தாள். பழைய புடவைகளை அடுக்கி, மேலே தையல்காரர் பாயின் கடையிலிருந்து வாங்கி வந்த வெட்டுத்துணிகளை ஒட்டி, ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு வந்தாள். முக்கால்வாசி முடிந்தபோது வலி வந்துவிட்டது. புள்ளை பிறந்தது, போர்வை பரணுக்குப் போனது. இரண்டாவதாக மதலேன் வயிற்றில் வந்தபோது அந்தப் புள்ளைக்கென்று இன்னொன்று. அது பாதியில் நின்றது. மூன்றாவது செசிலிக்கு மூன்றாவது. உட்காரச் சொல்லி உடம்பே கட்டளை போடுகிற மாசங்களில் மட்டும்தான் அவளுக்குத் தைக்க நேரம் கிடைத்தது. விண்ணரசிக்கு இப்போது பதினைந்து வயசு. மூன்று போர்வையும் பரணில்.

பக்கத்து வீட்டு எல்லையம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஏண்டி அமலி, பத்து மாசத்துல புள்ளைய முடிச்சிடுற. போர்வை மட்டும் ஏண்டி உனக்கு முடிய மாட்டேங்குது?”

அமலி சிரிக்கவில்லை. “நாலாந்தேதிக்கு எத்தன நாளு இருக்கு தோழர்?”

இளையபெருமாள் விரல்விட்டு எண்ணினார். “பதிமூணு.”

“எழுதுங்க. மூணையும் முடிச்சுட்டு வர்றேன்.” பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். “நீங்க மாலைக்கு இப்பவே சொல்லி வைங்க.”

*

மறுநாள் காலையிலேயே பரணிலிருந்து மூன்றையும் இறக்கினாள். ஒன்றில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. இன்னொன்றில் கரப்பான். உதறி, வெயிலில் போட்டு, எவ்வளவு பாக்கி என்று பார்த்தாள். முதலாவது கால்வாசிதான் பாக்கி. இரண்டாவது பாதி. மூன்றாவது, சொன்னால் வெட்கம், நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை. நடுவில் வைக்கத் துணியும் காணாது.

அவள் போடுகிற தையல் ஒரு தினுசு. முதலில் நீளவாக்கில் கோடு, பிறகு குறுக்கே கோடு, வரப்பு போட்ட மாதிரி. நாற்றங்காலில் பாத்தி பிரிப்பதைப் போலச் சதுரம் சதுரமாக வரும். ஒரு சதுரத்துக்கு ஒரு முழ நூல் என்று கணக்கு. ஊசி நுழைய மறுக்கிற அளவுக்கு நெருக்கித் தைப்பாள். “லேசா ஓட்டிட்டுப் போயேன், சீக்கிரம் முடியும்” என்று எல்லையம்மாள் யோசனை சொன்னாள்.

“புள்ளைங்க இழுத்துப் போட்டு மிதிக்கிறதுக்கா, அந்தாளு வந்து கொற சொல்றதுக்கா? நல்லாத்தான் தைப்பேன்.”

வீட்டில் உட்கார்ந்து தைக்கலாம் என்று நினைத்தால் வீடு விடாது என்று முதல் நாளே தெரிந்துபோனது. ஊசியில் நூல் கோத்தால் செசிலிக்குப் பசிக்கும். இரண்டு கோடு ஓட்டினால் மதலேன் சிலேட்டு உடைந்துபோகும். ஆடு வேலியைத் தாண்டும். அடுப்பு அணையும். சிங்கராயருக்கு அன்றைக்கென்று பார்த்துச் சட்டையில் பித்தான் அறுந்துபோனது.

“இதக் கொஞ்சம் தச்சுக் குடு.”

“பதிமூணு நாளைக்கு எங்கிட்ட போர்வைத் தையல் மட்டுந்தான். பித்தானுக்கு விண்ணரசிகிட்ட போங்க.”

இரண்டாம் நாள் அமலி ஒரு முடிவுக்கு வந்தாள். வீடு தன்னை உட்காரவிடாது என்றால் போர்வை தன்னோடு வரட்டும். சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு களை பறிக்கப் போனாள். கஞ்சி குடிக்கிற நேரத்தில் மற்றவர்கள் வரப்பில் காலை நீட்டி வெற்றிலை போட்டால் இவள் தூக்குவாளியை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஊசியை எடுப்பாள். மண்ணெண்ணெய்க் கியூவில் நின்றுகொண்டே தைத்தாள். பின்னால் நின்ற பெண்கள் போர்வையின் வால் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “நானும் நாலு தையல் போடட்டுமா அமலி?” என்று கேட்டார்கள்.

“வேணாங்க்கா. அப்புறம் அந்த மனுஷன் ‘நீயா முடிச்ச, ஊரு முடிச்சுச்சு’ம்பாரு. புடிச்சுக்கிட்டு மட்டும் இருங்க.”

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் கொண்டுபோனாள். பிரசங்கம் நீண்டுகொண்டே போக, கீழே பாயில் உட்கார்ந்து குனிந்து தைத்தாள். உபதேசியார் தூணோரத்திலிருந்து முறைத்துப் பார்த்தார். பூசை முடிந்து வாசலில் சாமியார் கேட்டேவிட்டார்.

“என்ன அமலி, கோயிலுக்குள்ள தையலா?”

“கைதான் சாமி தச்சுது. காது உங்ககிட்டதான் இருந்துச்சு. ஏழைங்க பாக்கியவான்கள்னு சொன்னீங்க. பட்டா எப்ப வரும்னு மட்டும் சொல்லல.”

சாமியார் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

*

இவள் உண்மையாகவே முடித்துவிடுவாள் போலிருக்கிறது என்று சிங்கராயருக்கு ஐந்தாம் நாள்தான் உறைத்தது. முதல் போர்வை முடிந்து திண்டு மாதிரி மடித்து வைக்கப்பட்டிருந்தது. கடைசி முடிச்சு மட்டும் பாக்கி. அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. போர்வையை யார் தைத்தாலும் கடைசி முடிச்சைப் போர்த்திக்கொள்ளப் போகிறவர்கள்தான் போட வேண்டும். அவர்கள் கை படாத போர்வையில் தூக்கம் ஒட்டாது என்பார்கள். விண்ணரசியைக் கூப்பிட்டு அமலி நூலின் முனையைக் கொடுத்தாள். பதினைந்து வருஷம் காத்திருந்த முடிச்சு. அந்தப் பெண் மூன்று தடவை சுற்றி இறுக்கிவிட்டுப் பல்லால் நூலைக் கடித்தாள்.

“இனிமே நான் கல்யாணம் ஆகிப் போகும்போது இத எடுத்துட்டுப் போவேன்” என்றாள்.

“போ போ. அதுக்குள்ள இந்த வீடு நம்ம வீடா இருக்கணும், எங்கேருந்து போறன்னு சொல்ல.”

சிங்கராயர் அன்றைக்கே சீர்காழியில் இருக்கும் தன் அக்காவுக்கு ஆள் அனுப்பினார். கிறிஸ்மஸ் லீவில் குடும்பத்தோடு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போகச் சொல்லி. அக்கா, அத்தான், நாலு புள்ளைகள் என்று ஆறு பேர் வந்து இறங்கினார்கள். ஆறு பேருக்கு ஆக்கிப் போட்டு, அதிரசம் சுட்டு, புள்ளைகளைக் குளிப்பாட்டி, எங்கே தைப்பது? அமலி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவர் மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆனால் சிங்கராயருக்குத் தன் அக்காவைச் சரியாகத் தெரியவில்லை. விஷயத்தைக் கேட்டதும் அவள் சேலையை வரிந்து கட்டினாள்.

“எந்தம்பி அப்படிச் சொன்னானா? மாலை போடுறேன்னா? நீ தையிடி அமலி. நான் சோறு வடிக்கிறேன். அவன் மாலை போடுறத நான் பாக்கணும்.”

நாலு நாளும் அவளே ஆக்கினாள். தம்பியைக் கிணற்றுக்கும் விறகுக்கும் விரட்டினாள். அத்தான் செசிலியைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றினார். அவர்கள் ஊருக்குப் போனபோது இரண்டாவது போர்வையும் முடிந்திருந்தது. மதலேன் முடிச்சைத் தப்பாகப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டு, தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தாள்.

மிச்சம் நாலு நாள். மிச்சம் ஒரு போர்வை.

அன்றைக்கு மேலவீட்டு மிராசுதாரின் ஏஜண்டு நாகநாதன் வாசலில் வந்து நின்றார். குடைக்கம்பால் வேலிப்படலைத் தட்டினார்.

“அமலி, பொங்கலுக்கு மேலவீட்டுல மாவு இடிக்கணும். நாளைக்கும் நாளன்னிக்கும் வந்துடு.”

வழக்கமாக இந்தத் தெருவிலிருந்து யாரும் அதற்கு மாட்டேன் என்று சொன்னதில்லை. காய்ச்சலாக இருந்தாலும் போய்விட்டு வந்துதான் படுப்பார்கள். அமலி ஊசியை நிறுத்தவில்லை.

“முடியாதுங்கய்யா. கையில வேலை இருக்கு.”

“என்ன வேலை?”

“போர்வை தைக்கிறேன்.”

நாகநாதனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்தது. “கந்தல் தைக்கிறதுக்காக மேலவீட்டு வேலைய வேணாங்கறியா? யாரு எடத்துல உக்காந்து தச்சுக்கிட்டு இருக்கேன்னு தெரியுதா?”

“அதத்தான் கேக்கப் போறோம் நாலாந்தேதி. தெரிஞ்சதும் வந்து சொல்றேங்கய்யா.”

அவர் தெரு முனை தாண்டுகிறவரை ஊசியை வேகமாக ஓட்டினாள். அந்தச் சதுரத்தில் இரண்டு தையல் கோணலாகப் போனது. அதை அவள் பிரிக்கவில்லை, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

*

மூன்றாவது போர்வைக்குத்தான் நடுத்துணி போதவில்லை. இருந்த கிழிசல் புடவைகளையெல்லாம் முதல் இரண்டும் தின்றுவிட்டன. பரணில் துழாவியபோது மூலையில் சிங்கராயரின் பழைய வேட்டி ஒன்று மடித்துச் செருகியிருந்தது. வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்தில் முள்கம்பியில் மாட்டிக் குறுக்காகக் கிழிந்த வேட்டி. மடிப்பு விறைப்பாக இருந்தது. கஞ்சி போட்டுக் கட்டியது அப்படியே காய்ந்திருக்கிறது என்று நினைத்தாள். பிரித்து உதற நேரம் எங்கே? மடித்தபடியே போர்வையின் மெலிந்த மூலையில் வைத்து, மேலே புடவையைப் போட்டு, சுற்றிலும் தைத்து, அதன்மேல் வரப்பு வரப்பாக ஓட்டிவிட்டாள். ஊசி அந்த இடத்தில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. ‘என்னா கஞ்சிடா இது’ என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் தேதி சாயங்காலம் நாகநாதன் மறுபடி வந்தார். இந்தத் தடவை அமலியைப் பார்க்கவில்லை. மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த சிங்கராயரிடம் போனார். அமலி கொட்டகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். பேச்சு நன்றாகவே கேட்டது.

“டேய் சிங்கராயா, அந்தத் தாள் என்னாச்சு? கைநாட்டு வச்சியா இல்லியா?”

“வச்சிடுறேங்கய்யா.”

“வச்சிடுறேன் வச்சிடுறேன்னு பத்து நாளாச் சொல்ற. நாலாந்தேதி காலைல என் கையில இருக்கணும். மத்தவனெல்லாம் குடுத்தாச்சு, நீ ஒருத்தன்தான் பாக்கி.”

அவர் போனதும் சிங்கராயர் வீட்டுக்குள் ஓடினார். பரணில் கை விட்டுத் தடவினார். முறத்தைத் தள்ளினார், கூடையைக் கவிழ்த்தார். தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தார்.

“அமலி, இங்க ஒரு கிழிஞ்ச வேட்டி இருந்துச்சே?”

அவள் மடியில் இருந்த போர்வையின் மூலையை விரலால் அழுத்தினாள். சரசரவென்றது. கஞ்சி போட்ட துணி அப்படிச் சத்தம் போடாது.

“என்னங்க இது உள்ளாற?”

“ஒண்ணுமில்ல. ஒரு தாளு.”

“என்ன எழுதிருக்கு?”

சிங்கராயர் தவிட்டுக் கையைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். “நாம இங்க போன வருஷந்தான் வந்தோமாம். இது மேலவீட்டுத் தோட்டத்துக் கொட்டகையாம். அவுங்க போன்னா போயிடுவோமாம். கைநாட்டு வச்சுக் குடுத்தா வேலை போகாது, யாரும் வந்து வெளிய தள்ள மாட்டாங்கன்னு சொன்னாரு.”

“போன வருஷம் வந்தோமா?” அமலியின் குரல் கூரையைத் தொட்டது. “விண்ணரசி எங்க பொறந்தா? அந்தா அந்த மூலையில. மதலேன்? அதே மூலை. செசிலி பொறந்தப்ப மழையில அந்தச் சுவரு விழுந்துச்சே, யாரு மண்ணு கொழைச்சா? புள்ளை பெத்த பத்தாம் நாளு நான் கொழைச்சேன். போன வருஷம் வந்தவளா நான்?”

“சத்தம் போடாத. எனக்கு மட்டும் ஆசையா? மூணு பொட்டப்புள்ளைய வச்சுக்கிட்டு இருக்கேன். வெளிய தள்ளுனான்னா எந்த ஆத்தங்கரையில போயிப் படுக்கறது?”

“அதுக்காகத்தான போறேன் நான்!”

சிங்கராயர் கூரையோர இறவாணத்தில் செருகியிருந்த கருக்கரிவாளை எடுத்தார். “அந்த மூலைய மட்டும் பிரிச்சுக் குடுத்துடு. தாளை எடுத்துட்டு மறுபடி தச்சுக்க.”

அமலி போர்வையை இழுத்து அவர் மடியில் போட்டாள்.

“நீங்களே பிரிங்க. பிரிச்சா மறுபடி தைக்க ரெண்டு நாளு ஆவும். அப்ப நான் நாலாந்தேதி போக முடியாது. போர்வைய முடிச்சா போன்னு தெரு முன்னால சொன்னது நீங்க. பிரிக்கிறதையும் தெரு முன்னாலயே பிரிங்க. எல்லையம்மா அக்கா! இங்க வாங்க, வேடிக்கை பாருங்க!”

“ஏய், கத்தாதடி.”

அவர் அரிவாள் முனையைத் தையலுக்கு அடியில் விடப் பார்த்தார். நுழையவில்லை. அந்த நெருக்கத்தில் நுழையாது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் அறுந்திருக்கும்தான். கையில் அரிவாளோடு குனிந்து உட்கார்ந்தவர், அந்தச் சதுரங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் ஒரு துண்டு அவருடைய கல்யாணச் சட்டை. ஒன்று விண்ணரசி கோயிலில் முதல் முதலாக நன்மை வாங்கியபோது போட்ட கவுன். கோணலாகப் போன இரண்டு தையலும் தெரிந்தது.

“பத்து நாளாக் குடுக்காம ஏன் வச்சிருந்தீங்க?” அமலி இப்போது சத்தமில்லாமல் கேட்டாள். “கைநாட்டு வைக்க ஒரு நிமிஷம் ஆகுமா?”

“மை இல்ல.”

“மேலவீட்டுல மை இல்லியா?”

அவர் அரிவாளைத் திரும்ப இறவாணத்தில் செருகினார். தவிட்டுத் தொட்டிக்குப் போய் மாட்டுக்குக் கலக்க ஆரம்பித்தார். மறுநாள் அமலி தைக்க உட்கார்ந்தபோது செசிலிக்குப் பசித்தது. சிங்கராயர் புள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சோறு ஊட்டினார்.

*

நாலாந்தேதி காலை. பனி இறங்கி வரப்பெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. லாரி தெரு முனையில் வந்து ஹாரன் அடித்தது. அமலி கடைசிச் சதுரத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் ஏறியாச்சு அமலி, முடிஞ்சுதா இல்லியா?” எல்லையம்மாள் வாசலிலிருந்து கத்தினாள். அவளும் பேர் கொடுத்திருந்தாள்.

“முடிச்சு மட்டும் பாக்கி. செசிலி, இங்க வா.”

செசிலி வந்து நூலைப் பிடித்தாள். நாலு வயசுப் புள்ளை. முனையை வாயில் வைத்து நனைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “நீ இல்லாட்டி நான் அப்பாகூடப் படுப்பேன். அப்பாவும்தான இதுல போத்திக்கும்? அப்ப அப்பாவும் முடிச்சுப் போடணும்.”

நியாயம்தான். வழக்கம் என்றால் வழக்கம். விண்ணரசி அப்பாவைப் பார்த்தாள், மதலேன் அப்பாவைப் பார்த்தாள். சிங்கராயர் வாசலைப் பார்த்தார். பிறகு வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அந்த முடிச்சு சரசரக்கிற மூலையில்தான் வர வேண்டியிருந்தது. புள்ளையின் விரலோடு தன் விரலையும் வைத்து ஒரு சுற்று சுற்றினார். போதாதென்று இன்னொரு சுற்று. இறுக்கி, வைக்கோல் பிரி முறுக்குகிற கையால் ஒரு இழுப்பு இழுத்தார். இனி அரிவாள் கொண்டு அறுத்தால்தான் உண்டு.

“ம். கெளம்பு” என்றார்.

“மாலை?”

“பூ எங்க கெடக்கு இந்தப் பனியில.” கொட்டகைக்குப் போய் ஒரு முறுக்கு வைக்கோல் பிரியை எடுத்து வந்து அவள் கழுத்தில் போட்டார். தெரு சிரித்தது. இந்தத் தடவை அமலியும் சிரித்தாள்.

விண்ணரசி தன் போர்வையைச் சுருட்டிக்கொண்டு லாரி வரைக்கும் ஓடிவந்தாள். “அம்மா, ஜெயில்ல தரையில படுக்கணுமாம். இத எடுத்துட்டுப் போ.”

“நீ போட்ட முடிச்சுடி அது. எனக்குத் தூக்கம் ஒட்டாது. வச்சுக்க.” அமலி ஏறி எல்லையம்மாளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

லாரி உறுமியபோது நாகநாதன் குறுக்கே வந்தார். லாரியில் நிற்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அமலியையும், அவள் கழுத்துப் பிரியையும் பார்த்தார். பிறகு கீழே நின்ற சிங்கராயரிடம் திரும்பினார்.

“தாள் எங்கடா?”

சிங்கராயர் துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. எப்போதும் எடுத்துவிடுவார்.

“போர்வைக்குள்ள இருக்குங்கய்யா.”

“என்னடா உளர்ற?”

“எம்பொஞ்சாதி உள்ள வச்சுத் தச்சுட்டா. பிரிக்கணும்னா அவளத்தான் கேக்கணும். அவ ஜெயிலுக்குப் போறா.”

“வெளையாடுறியா? வேற தாள் எழுதிட்டு வர எவ்வளவு நேரமாகும் எனக்கு?”

“எழுதிட்டு வாங்க. அதையும் உள்ள வச்சுத் தைக்கச் சொல்றேன்.” சிங்கராயர் தோள் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் தெருவே கேட்கிற மாதிரிதான் சொன்னார், நாலு பேர் சிரிக்கிற மாதிரி. “ஆனா சீக்கிரம் கெடைக்காதுங்க. அவ ஒரு போர்வை முடிக்கப் பதினஞ்சு வருஷம் ஆவும்.”

லாரி முழுக்கச் சிரிப்பு. டிரைவர் கியரைப் போட்டார். நாகநாதன் என்னவோ கத்தினார், இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. பின்னால் ஓடிவந்த புள்ளைகளுக்கு நடுவில் சிங்கராயர் அப்படியே நின்றார், செசிலி அவர் தோளில்.

வாய்க்கால் பாலம் தாண்டியதும் அமலிக்கு மார்பில் ஏதோ குத்தியது. தொட்டுப் பார்த்தாள். பெரிய ஊசி, நூலோடு, ரவிக்கையில் செருகியபடியே இருந்தது. எடுத்து, பத்திரமாகத் தலைப்பு முனையில் குத்திக்கொண்டாள்.

“எதுக்குடி அது?” என்றாள் எல்லையம்மாள்.

“அங்க என்ன துணி கெடைக்குதோ பாப்போம்.”